கப்பல் இறங்கியதும் எங்கே தங்குவது? சிங்கப்பூரில் இரண்டு இரவுகள்

கப்பலின் கடைசி இரவு. கேபின் வாசல்களில் வண்ணச் சீட்டு கட்டிய பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. இரவோடு இரவாக ஊழியர்கள் அவற்றை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். காலையில் கரையில்தான் திரும்பக் கிடைக்கும். அதனால் மறுநாள் உடுத்தும் துணி, பாஸ்போர்ட், மாத்திரை டப்பா எல்லாவற்றையும் ஒரு கைப்பையில் தனியாக எடுத்து வைத்திருக்கிறார் மருமகள். அப்படி எடுத்து வைக்க மறந்துவிட்டு, இரவு உடையிலேயே கப்பலை விட்டு இறங்கியவர்கள் உண்டு.

புதுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பம் அது. 71 வயது அம்மா, மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேரன். வியாழக்கிழமை சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு வரை போய், ஞாயிறு காலை திரும்பும் மூன்று இரவுக் கப்பல் பயணம். அதன்பின் சிங்கப்பூரில் இரண்டு இரவு தங்கிவிட்டு, செவ்வாய் இரவு திருச்சிக்கு விமானம். கப்பல் டிக்கெட் அரை மணி நேரத்தில் முடிவானது. அந்த இரண்டு இரவுகளுக்கு எந்த ஹோட்டல் என்பதுதான் ஒரு மாதம் இழுத்தது.

மகனுக்கு மரினா பே பக்கம், ஜன்னலைத் திறந்தால் தண்ணீரும் விளக்கும் தெரிய வேண்டும். மருமகளுக்கு ஆர்ச்சர்ட் சாலை. பேரனுக்கு நீச்சல் குளம். அம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை. கடைசியில் மகன் கேட்டபோது, "எங்க அப்பா இருந்த சிராங்கூன் ரோடு எங்கப்பா இருக்கு? அதுக்குப் பக்கத்துல ஒரு ரூம் கெடச்சா போதும்" என்றார்.

அம்மாவின் அப்பா சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர். 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. நம் மாவட்டங்களில் பல குடும்பங்களுக்கு அந்தப் பெயர் இன்னும் நினைவிருக்கும். கேபின் எடுக்க வசதியில்லாதவர்கள் மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டே போனார்கள். அவர் அனுப்பிய கடித உறைகளில் சிராங்கூன் ரோடு என்று எழுதியிருக்கும். அம்மாவுக்குச் சிங்கப்பூர் என்றால் அந்த ஒரு வரிதான்.

அந்த ஒரு வார்த்தையில் பேட்டை முடிவானது. ஹோட்டல் முடிவாக இன்னும் நாளானது. அம்மாவுக்கு இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது.

ஒன்பது மணிக்குக் கரை, மூன்று மணிக்கு அறை

கப்பல் பயணத்துக்குப் பின் தங்கும் ஹோட்டலுக்கும் சாதாரணச் சுற்றுலா ஹோட்டலுக்கும் முக்கியமான ஒரு வித்தியாசம் உண்டு. விமானத்தில் வருபவர் எந்த நேரத்தில் இறங்க வேண்டும் என்பதை ஓரளவு தானே தேர்ந்தெடுக்கலாம். கப்பல் அப்படியல்ல. பெரும்பாலும் அதிகாலையில் துறையைத் தொடும். காலை உணவு முடிந்ததும், சீட்டின் நிறப்படியோ எண்ணின்படியோ கூப்பிட்டு இறக்கிவிடுவார்கள். அடுத்த பயணிகள் மதியமே ஏற வேண்டும் என்பதால், கேபினில் கொஞ்ச நேரம் கூடுதலாகப் படுத்திருக்க வழியில்லை.

ஒன்பது, பத்து மணிக்குள் பெட்டிகளோடு வெளியே நிற்க வேண்டியதுதான். சிங்கப்பூர் ஹோட்டல்களிலோ அறை கொடுக்கும் நேரம் பெரும்பாலும் பிற்பகல் 2 அல்லது 3 மணி. நடுவே இருக்கும் அந்த ஐந்தாறு மணி நேரம் வயதானவர்களையும் குழந்தைகளையும் பாடாய்ப்படுத்திவிடும்.

இன்னொன்றும் உண்டு. மூன்று நான்கு நாள் கப்பலில் இருந்துவிட்டு இறங்கினால், சிலருக்குத் தரையும் ஆடுவது போலவே இருக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாகச் சரியாகிவிடும். ஆனால், அந்த நிலையில் முழங்கால் பலவீனமான ஒருவரை வெயிலில் ஊர் சுற்ற வைக்க முடியாது.

இந்தக் குடும்பம் செய்தது ஒரு எளிய காரியம். இரண்டு அறைகள் முன்பதிவு செய்திருந்தார்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே ஹோட்டலுக்கு மின்னஞ்சல் அனுப்பினார் மருமகள். "காலை பத்து மணிக்குக் கப்பலிலிருந்து வருகிறோம். இரண்டு அறையும் சீக்கிரம் வேண்டும் என்று கேட்கவில்லை. ஒன்று மட்டும் முன்னதாகக் கிடைத்தால் போதும். முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் கூட வருகிறார்." உறுதி தர முடியாது, முயல்கிறோம் என்று பதில் வந்தது. அன்று பதினொன்றரைக்கு ஒரு அறை கிடைத்துவிட்டது. அம்மாவும் பேரனும் படுத்தார்கள். மற்ற இருவரும் பெட்டிகளை வரவேற்பு மேஜையில் ஒப்படைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கக் கிளம்பினார்கள்.

இந்தச் சலுகை எல்லா நாளும் கிடைக்காது. கட்டணம் கேட்கும் ஹோட்டல்களும் உண்டு. நிச்சயமாக அறை வேண்டும் என்றால், முந்தைய இரவையும் சேர்த்து முன்பதிவு செய்துவிட்டு, காலையில்தான் வருவோம் என்று எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். செலவு கூடும்தான். உடல்நிலை சரியில்லாதவர் கூட இருந்தால் யோசிக்கத் தக்க செலவு அது.

எந்தத் துறை, எந்தப் பேட்டை?

சிங்கப்பூரில் பயணிகள் கப்பல்கள் வந்து நிற்கும் முனையங்கள் இரண்டு. ஒன்று 2012-ல் திறக்கப்பட்ட மரினா பே குரூஸ் சென்டர். இன்னொன்று ஹார்பர்ஃபிரண்ட் பகுதியில் இருப்பது. பெயர் பார்த்து மரினா பே முனையம் அந்தப் புகழ்பெற்ற மூன்று கோபுர ஹோட்டலுக்குக் கீழேயே இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. அது தெற்கே, கடலோரமாகத் தள்ளி இருக்கிறது. டிக்கெட்டில் எந்த முனையம் என்று பார்த்த பிறகுதான் ஹோட்டல் தேட வேண்டும்.

ஹார்பர்ஃபிரண்டில் இறங்குபவர்களுக்கு லிட்டில் இந்தியா மிக வசதி. வடகிழக்கு எம்.ஆர்.டி. பாதையில் ஏறினால், ரயில் மாறாமல் நேரே லிட்டில் இந்தியாவிலோ, அதற்கு அடுத்த ஃபேரர் பார்க்கிலோ இறங்கலாம். மரினா பே முனையத்தில் இறங்குபவர்களுக்கு நடக்கும் தூரத்தில் மரினா சவுத் பியர் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து டோபி காட் போய், வடகிழக்குப் பாதைக்கு மாறினால் அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா.

ஆனால் நான்கு பேர், நான்கு பெரிய பெட்டி என்றால் அன்று ரயில் வேண்டாம். சாதாரண டாக்ஸியிலும் அத்தனையும் ஏறாது. ஆறு பேர் உட்காரும் பெரிய வண்டியை முதல் நாளே சொல்லி வைப்பது நல்லது. கப்பல் காலியாகும் நேரத்தில் டாக்ஸி வரிசை நீளமாக இருக்கும். சின்னக் குழந்தைகள் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தைக்கு, செயலியில் அழைக்கும் தனியார் வாடகைக் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். டாக்ஸிகளுக்கு அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு.

இனிப் பேட்டைகள். மரினா பே பார்க்க அழகு, விலையும் அதற்கேற்றபடி. ஃபார்முலா ஒன் இரவுப் பந்தயம் நடக்கும் வாரத்தில் அங்கே சாலைகளை மூடிவிடுவார்கள், அறை விலையும் ஏறிவிடும். ஆர்ச்சர்ட் சாலை கடை விரும்பிகளுக்கு. சைனாடவுன் நடுத்தர விலையில் நல்ல இடம். 1827-ல் தோன்றிய மாரியம்மன் கோயில் அங்கேதான், சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கிறது. பூகிஸ், பென்கூலன் பகுதிகள் எல்லாவற்றுக்கும் நடுவே அமைந்தவை.

லிட்டில் இந்தியாவின் பெரிய வசதி சாப்பாடு. அந்த ஊர்த் தமிழர்கள் இந்தப் பகுதியைத் தேக்கா என்பார்கள். 1947 முதல் நடந்துவரும் கோமள விலாஸ் போன்ற சைவ உணவகங்களும், தேக்கா சந்தையின் உணவங்காடிகளும் நடக்கும் தூரத்தில். மூன்று நாள் கப்பல் பஃபே சாப்பிட்டவர்களுக்கு இரண்டு இட்லியும் சூடான சாம்பாரும் தேவாமிர்தம். அதனால் இங்கே தங்குபவர்கள் காலை உணவு சேராத அறையாகவே எடுத்துக்கொண்டு பணத்தை மிச்சப்படுத்தலாம்.

மரினா பேயைப் பார்க்க அங்கேதான் தங்க வேண்டும் என்பதும் இல்லை. லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து டவுன்டவுன் பாதையில் நான்காவது நிறுத்தம் பேஃபிரண்ட். இறங்கினால் கார்டன்ஸ் பை தி பே. இரவு 7.45-க்கும் 8.45-க்கும் அங்கே ராட்சத மரங்களில் நடக்கும் விளக்குக் காட்சி இலவசம். மகன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் ஜன்னல் காட்சி ஆசையை விட்டார்.

ஒரு எச்சரிக்கை. லிட்டில் இந்தியா அமைதியான பேட்டை அல்ல. ஞாயிற்றுக்கிழமை மாலை, வார விடுமுறையில் வரும் வெளிநாட்டுத் தொழிலாளர்களால் தெருக்கள் நிறைந்துவிடும். தீபாவளி சமயத்திலும் கூட்டம்தான். தைப்பூசத்தன்று சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை தண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடிகள் போகும் என்பதால் போக்குவரத்து மாறும். சத்தம் பிடிக்காதவர்கள் ஃபேரர் பார்க் பக்கமாகவோ, பிரதான சாலையைப் பார்க்காத அறையாகவோ கேட்டுக்கொள்ளலாம்.

போட்டோவில் தெரியாதவை

மகன் முதலில் முன்பதிவு செய்தது வேறொரு ஹோட்டல். பழைய கடைவீட்டை அழகாகப் புதுப்பித்த இடம். மர ஜன்னல், பூ வேலை ஓடு, கட்டுப்படியாகும் விலை. படங்களைப் பார்த்து எல்லோருக்கும் பிடித்துவிட்டது. இரண்டு நாள் கழித்து, அங்கே தங்கியவர்கள் எழுதியதை மருமகள் உட்கார்ந்து படித்தார். இருபதாவது கருத்தில் ஒருவர் போகிற போக்கில் எழுதியிருந்தார்: மூன்றாம் மாடிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். லிஃப்ட் இல்லை!

"அத்தை ஒரு நாளைக்கு நாலு தடவை எப்படி ஏறி இறங்குவாங்க?" என்று அவர் கேட்டதற்கு மகனிடம் பதில் இல்லை. நல்லவேளையாக, இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு எடுத்திருந்தார். கொஞ்சம் விலை குறைகிறது என்பதற்காக ரத்து செய்ய முடியாத அறையை எடுத்திருந்தால், பணம் போனதுதான்.

படத்தில் தெரியாத வேறு சிலவும் உண்டு. சிங்கப்பூரின் சிக்கன ஹோட்டல்களில் ஜன்னலே இல்லாத அறைகள் சகஜம். விவரத்தில் ஒரு மூலையில்தான் அது எழுதியிருக்கும். சில அறைகள் கப்பல் கேபினை விடச் சிறியவை, இரண்டு பெட்டிகளைத் திறந்துவைக்க இடம் போதாது. அறையின் சதுர மீட்டர் அளவைப் பார்ப்பது அவசியம். ஒரு சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய பதினொரு சதுர அடி.

குளியலறையில் தொட்டியைத் தாண்டிக் காலைத் தூக்கி வைக்க வேண்டுமா, நேரே நடந்துபோய் நிற்கும் ஷவரா என்பதையும் கேட்க வேண்டும். தரை ஆடுவது போன்ற உணர்வோடு இருப்பவருக்குத் தொட்டி ஆபத்து. கட்டிலிலும் குழப்பம் வரும். 'டபுள்' என்றால் ஒரே பெரிய கட்டில், 'ட்வின்' என்றால் இரண்டு தனிக் கட்டில்கள். பாட்டியும் பேரனும் ஓர் அறையில் என்றால் ட்வின்தான் வசதி.

இரண்டு அறை எடுப்பவர்கள் 'கனெக்டிங்' அறை என்று தெளிவாகக் கேட்க வேண்டும். நடுவே கதவு இருப்பது அதில்தான். 'அட்ஜாய்னிங்' என்றால் பக்கத்துப் பக்கத்து அறை, அவ்வளவே. இரவில் அம்மா கூப்பிட்டால் உடனே போக முடிவதில்தான் வித்தியாசம் தெரியும்.

200 வெள்ளி 240 ஆகும் கணக்கு

சிங்கப்பூர்த் தமிழில் டாலர் என்றால் வெள்ளி. அறை விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் உஷாராக வேண்டும். ஒன்று 10 சதவீதச் சேவைக் கட்டணம். இன்னொன்று 2024 முதல் 9 சதவீதமாக உள்ள ஜி.எஸ்.டி. வரி, சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கே போடப்படும். 200 வெள்ளி அறைக்குச் சேவைக் கட்டணம் சேர்ந்தால் 220. அதற்கு வரி 19.80. மொத்தம் 239.80.

இரண்டு அறை, இரண்டு இரவு என்றால் 800 என்று நினைத்தது 959.20 ஆகிவிடும். 159 வெள்ளி வித்தியாசத்தில் குடும்பமே ஒரு நாள் நன்றாகச் சாப்பிடலாம். எனவே விலைகளை ஒப்பிடும்போது வரி உட்பட்ட தொகையைத்தான் ஒப்பிட வேண்டும்.

அறை கொடுக்கும்போது பல ஹோட்டல்கள் முன்வைப்புத் தொகையாக அட்டையில் ஒரு தொகையைப் பிடித்து வைக்கும். காலி செய்ததும் விடுவிப்பார்கள் என்றாலும், டெபிட் அட்டையிலும் ஃபாரெக்ஸ் அட்டையிலும் அது திரும்பி வரச் சில நாள் ஆகலாம். செலவுக்கு வைத்திருக்கும் பணம் அதில் முடங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் வாங்கிச் செலவழிக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். பிளக் மட்டும் வேறு மாதிரி. மூன்று பட்டை முனைகள் கொண்ட பிரிட்டிஷ் வகை. நம் ஊர் சார்ஜருக்கு ஓர் அடாப்டர் கையில் இருக்கட்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம் விசா. கப்பல் சிங்கப்பூரை விட்டு வேறு நாட்டுக்குப் போய் வருவதால், திரும்பி இறங்குவதும் புதிதாக நுழைவதாகவே கணக்கு. விசா பலமுறை நுழைய அனுமதிப்பதுதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மின்னணு வருகை அட்டையையும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளங்களை நம்ப வேண்டாம்.

கடைசி நாள் மறக்கக் கூடாதது

வந்த நாளில் இருந்த சிக்கல், கிளம்பும் நாளில் தலைகீழாக வரும். காலி செய்ய வேண்டியது காலை 11 அல்லது 12 மணி. விமானமோ இரவு. பெட்டிகளை எல்லா ஹோட்டல்களும் பார்த்துக்கொள்ளும். ஆனால் வயதானவர்கள் உட்கார முன்கூடம் இருக்கிறதா, கிளம்பும் முன் முகம் கழுவி உடை மாற்ற இடம் உண்டா என்பது இடத்துக்கு இடம் மாறும். மாலை வரை ஓர் அறையை மட்டும் நீட்டித்துக்கொள்ள எவ்வளவு ஆகும் என்று முதல் நாளே கேட்டுவிடலாம்.

லிட்டில் இந்தியாவிலிருந்து சாங்கி விமான நிலையத்துக்கு டவுன்டவுன் பாதையில் எக்ஸ்போ வரை போய், அங்கே ஒரே ஒரு முறை ரயில் மாறினால் போதும். முஸ்தபாவில் வாங்கிய மூட்டைகளோடு போகிறவர்களுக்கு டாக்ஸிதான் சரி.

முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை

* கப்பல் நிற்கும் முனையம் எது? அங்கிருந்து ஹோட்டலுக்கு எப்படிப் போவது?
* ஓர் அறையாவது முன்னதாகக் கிடைக்குமா? கட்டணம் உண்டா?
* லிஃப்ட் இருக்கிறதா? வாசலிலேயே படிகள் இருக்கின்றனவா?
* அறைக்கு ஜன்னல் உண்டா? எத்தனை சதுர மீட்டர்?
* தொட்டியா, நடந்து செல்லும் ஷவரா?
* விலையில் வரியும் சேவைக் கட்டணமும் அடக்கமா?
* எந்தத் தேதி வரை இலவசமாக ரத்து செய்யலாம்?
* காலி செய்த பிறகு பெட்டியை எத்தனை மணி வரை வைத்திருப்பார்கள்?

கடித உறையில் இருந்த தெரு

அன்று மாலை ஐந்தரை மணி. நன்றாகத் தூங்கி எழுந்த அம்மா தலை வாரி, புதுச் சேலை உடுத்திக்கொண்டு தயாராக இருந்தார். ஹோட்டல் வாசலில் படி இல்லை. அங்கிருந்து சிராங்கூன் சாலை ஐந்து நிமிட நடை. பேரன் கையைப் பிடித்துக்கொண்டு அவர் பத்து நிமிடத்தில் நடந்தார்.

வீரமாகாளியம்மன் கோயிலில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நடைபாதை ஓரங்களிலும் புல்தரைகளிலும் இளைஞர்கள் உட்கார்ந்து போனில் வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் குழந்தைக்கு முத்தம் கொடுப்பதுபோல் போனை உதட்டருகே கொண்டுபோனான்.

சாமி கும்பிட்டு வெளியே வந்த அம்மா, கால் வலிக்க ஒரு திண்டில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த பையன் நகர்ந்து இடம் விட்டான்.

"எந்த ஊரும்மா நீங்க?"

"புதுக்கோட்டைப் பக்கம். நீ எந்த ஊரு தம்பி?"

"அறந்தாங்கிம்மா. கட்டட வேலை. வந்து ரெண்டு வருஷம் ஆச்சு."

"ஊருக்குப் போகலையா?"

"அடுத்த பொங்கலுக்குப் போகணும்மா."

அம்மா கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க அப்பாவும் இந்தத் தெருவுலதான்ப்பா இருந்தாரு. லெட்டர்ல ஒவ்வொரு தடவையும் அடுத்த பொங்கலுக்குன்னுதான் எழுதுவாரு" என்றார். பிறகு கைப்பையைத் திறந்து, கோயிலில் கொடுத்த விபூதியை எடுத்து அவன் நெற்றியில் பூசினார்.

"அப்பத்தா, போலாமா? அங்க லைட் ஷோ போட்டுடுவாங்க" என்று பேரன் அவசரப்படுத்தினான்.

"நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. ரூம் பக்கத்துலதானே இருக்கு? நான் இன்னும் கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்" என்றார் அம்மா.

மகன் தயங்கினார். மருமகள் அத்தைக்குத் துணையாக அந்தத் திண்டிலேயே உட்கார்ந்துகொண்டார். அப்பாவும் பிள்ளையும் மட்டும் லிட்டில் இந்தியா நிலையத்தை நோக்கி நடந்தார்கள்.